தொண்ணூற்றெட்டு சதவீத நானோ

வேப்பம்பட்டு ரயில் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் போகிற தூரத்தில் இருக்கிறது பூபாலன் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். எதற்கு நிகர் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. அதன் மூன்றாவது மாடியில், மாணவர் உணவகத்தின் புகைபோக்கிக்கு நேர் மேலே, 'நானோ - திரவப் படிக உயராய்வுக்கான உலகளாவிய சிறப்பு மையம்' என்றொரு பலகை உண்டு. அறையைவிடப் பலகை நீளம். அதனால் அதன் கடைசிப் பகுதி பக்கத்திலிருந்த பெண்கள் கழிப்பறையின் தலைக்கு மேல் போய்விட, 'சிறப்பு மையம்' என்ற இரண்டு சொற்களும் கழிப்பறைக்கே சொந்தமாகிவிட்டன.

மையத்துக்கு ஒரு தலைவர், இரண்டு இணைத் தலைவர்கள், ஓர் ஒருங்கிணைப்பாளர், ஆலோசகர்கள் பலர். எல்லோருடைய படங்களும் வாசலில் வரிசையாக மாட்டியிருந்தன. உள்ளே இருந்தது தாட்சாயிணி மட்டும்.

தாட்சாயிணிக்குச் சொந்த ஊர் சாத்தூர். ஆவடிப் பக்கம் சேக்காட்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக வாடகைக்கு இருந்தாள். பக்கத்து வீட்டார் ஐ.டி. கம்பெனிக்காரர்கள். அவள் எழும்போது அவர்கள் தூங்குவார்கள், அவள் தூங்கும்போது அவர்கள் அமெரிக்காவோடு பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களின் செருப்புகளை அவளுக்கு நன்றாகத் தெரியும். முகங்களை அவ்வளவாகத் தெரியாது. காலையில் ஆவடியே திரண்டு சென்னைப் பக்கம் போகிற மின்சார ரயிலில் தொங்கும்போது, இவள் எதிர்த் திசை வண்டியில் ஏறுவாள். பெண்கள் பெட்டி முழுவதும் அவளுக்கே. எந்த ஜன்னலில் உட்காருவது என்பதுதான் அன்றைக்கு அவள் எடுக்கிற பெரிய முடிவு.

அவள் செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். பல்கலைக்கழகத்தில் யாரும் அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்காததால் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

திரவப் படிகம் என்பது தண்ணீர்போல ஓடும், ஆனால் அதன் மூலக்கூறுகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பிரார்த்தனைக்கு நிற்பதுபோல ஒரே திசையைப் பார்த்து நிற்கும். கொஞ்சம் மின்சாரம் கொடுத்தால் எல்லாம் சேர்ந்து திரும்பும். திரும்பும்போது வெளிச்சம் வரும் அல்லது மறையும். நம் வீட்டு டிவி, கைபேசியெல்லாம் பெரும்பாலும் இந்தத் திரும்புதலில்தான் ஓடுகின்றன. இதில் நானோ துகளை, அதாவது கண்ணுக்குத் தெரியாத பொடியை, மிகமிகக் கொஞ்சமாகக் கலந்தால் படிகத்தின் குணம் மாறுகிறது. குறைந்த மின்சாரத்திலேயே திரும்புகிறது, வேகமாகவும் திரும்புகிறது. கொஞ்சம் கூடிப்போனால் கதை வேறு. பொடிகள் ஒன்றையொன்று தேடிப்போய்த் திரண்டு கும்பலாக நின்றுகொள்ளும். சுற்றியுள்ள மூலக்கூறுகள் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் தடுமாறும். ஆறு மேற்பார்வையாளர்களை வைத்தால் ஒழுங்காக நிற்கிற வரிசை, அறுபது பேரை வைத்தால் அவர்கள் கூடிநின்று டீ குடிப்பதைப் பார்த்துக் கலைந்துபோகிற மாதிரி.

இந்தத் திரட்சி எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் தாட்சாயிணி தேடினாள். அவளுடைய கலவையில் அது அரை சதவீதத்துக்குப் பக்கத்தில் தொடங்கியது. நுண்ணோக்கியின் அடியில், மங்கலான நீலத்துக்கு நடுவே, சின்னச் சின்னப் புள்ளிகள் கூடிநின்றன. தூசி என்று நினைத்துக் கண்ணாடித் தகட்டை மாற்றினாள். மறுபடியும் வந்தன. தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடியும் வந்தன. ஒன்றைத் தனியாக நெடுநாள் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு கட்டத்தில் அது அங்கே இருக்கிறதா, தன் கண்ணுக்குள் இருக்கிறதா என்ற சந்தேகம் வந்துவிடும். அவளுக்கும் வந்தது. அவளுக்கு வேண்டியது பணமோ புதுக் கருவியோ அல்ல. இன்னொரு ஜோடிக் கண். யாராவது ஒருவர் குனிந்து பார்த்து, 'ஆமாம், இருக்கிறது' என்று சொன்னால் போதும்.

முதலில் மாடியைப் பெருக்க வருகிற கன்னியம்மாவைக் கேட்டாள். கன்னியம்மா துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் குனிந்தாள்.

"இன்னா தெரியுது?" என்று அவள் பாஷையிலேயே ஆவலாகக் கேட்டாள் தாட்சாயிணி.

"கறுப்பா முடி முடியா கீதும்மா. ஆடுது."

"அது உங்க கண் இமை."

"ஆங், அதான பாத்தேன். எங்க ஊட்லயே கண்ணாடி கீதும்மா, இதுக்கு இங்க வரணுமா?" என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். இரண்டாவது முறை பார்க்கச் சொன்னபோது, மிஷினைத் தொட்டது தெரிந்தால் சூப்பர்வைசர் சம்பளத்தில் கைவைப்பான் என்று சொல்லி நகர்ந்துவிட்டாள்.

அடுத்து, அவளுடைய வழிகாட்டியும் ஆராய்ச்சிப் புல முதல்வருமான டாக்டர் தட்சிணாமூர்த்தியிடம் போனாள். அவருடைய கையெழுத்து இல்லாமல் அவளுக்குப் பட்டம் கிடையாது. பல வருட உழைப்பு அவர் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவில்லை.

"நீ பார்த்தாய் அல்லவா? அப்புறம் நான் ஏன் பார்க்க வேண்டும்? நான் உன்னை நம்புகிறேன். நம்பிக்கைதான் அறிவியலின் அஸ்திவாரம்" என்றார். அவர் எப்போதும் மேடையில் நிற்பவர்போலவே பேசுவார். வீட்டில் காப்பி கேட்பதும் அப்படித்தான் என்று சொல்வார்கள்.

"தப்பாப் பாத்திருந்தா சார்?"

"அப்போதும் நம்புவேன். முதலில் கட்டுரையை எழுது. யார் யார் பெயர் போடுவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

அதை அவர் பார்த்துக்கொண்ட விதம் கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பதற்கு ஒப்பானது. முதலில் வேந்தர் பூபாலன். அடுத்து அவர் மனைவி, இணைவேந்தர். பிறகு தட்சிணாமூர்த்தி. மகன் பெயர் வந்தால் மருமகள் பெயர் விடக் கூடாது, மருமகள் வந்தால் சம்பந்தி வருத்தப்படுவார். பதிவாளரைப் போட்டுத் துணைப் பதிவாளரை விட்டால் சம்பளப் பட்டியல் தாமதமாகும். விடுதிக் காப்பாளர், உடற்பயிற்சி இயக்குநர் எல்லோரும் வரிசைக்கு வந்தார்கள். பெயரின் வரிசையைப் பற்றி மட்டும் மூன்று கூட்டங்கள் நடந்தன. கட்டுரையில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றிக் கூட்டம் நடத்த வேண்டிய அவசியம் ஏற்படவில்லை. கடைசியில் இருபத்துமூன்று ஆசிரியர்கள் தேறினார்கள். 'தங்கள் நல்வரவை நாடும்' என்று மேலே போடாததுதான் பாக்கி. இருபத்துமூன்றாவது பெயர் தாட்சாயிணியுடையது.

இருபத்திரண்டாவது பெயருக்கு உரியவரான மோகன், பல்கலைக்கழகப் பேருந்துகளைப் பார்த்துக்கொள்ளும் போக்குவரத்து அதிகாரி. அவர் ஒருநாள் படியேறி வந்து வாசலிலேயே நின்று சங்கடமாகச் சிரித்தார். "மேடம், நம்ம பேப்பர் எத்தப் பத்தி? யாராவது கேட்டா சொல்லணுமில்ல."

அவள் சந்தோஷமாக நாற்காலியை இழுத்துப் போட்டாள். திரவப் படிகத்தில் ஆரம்பித்தாள். மோகனும் நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் மூன்றாவது வாக்கியத்தில் அவர் போன் அடித்தது. பூந்தமல்லி ரூட் பேருந்து குமணன்சாவடி சிக்னலில் நின்றுபோயிருந்தது. "டீசல் ஃபில்டரா, பேட்டரியா, பாத்து சொல்லுடா" என்று கத்திக்கொண்டே இறங்கிப் போனார். பேருந்து நின்றால் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் அந்த வளாகத்தில் அவருடைய துறையில் மட்டும் இருந்தது.

அச்சுக்குப் போகும் முன் கட்டுரையை வேந்தருக்கு விளக்க வேண்டும் என்பது மரபு. பூபாலன் வேப்பம்பட்டுக்காரர். அவர் குடும்பம் கத்திரிக்காயும் நெல்லும் விளைவித்த நிலத்தில்தான் இப்போது பல்கலைக்கழகம் நிற்கிறது. கூட்ட அறையில் வெள்ளைச் சட்டையோடு சாய்ந்து உட்கார்ந்து, திரையில் ஓடிய படங்களை அவர் பொறுமையாகப் பார்த்தார். 'நானோ துகள் 0.2 சதவீதம்: செயல்பாடு மேம்படுகிறது. 0.5 சதவீதத்துக்கு மேல்: துகள்கள் திரள்கின்றன, செயல்பாடு கெடுகிறது' என்ற வரி வந்ததும் நிமிர்ந்தார்.

"இரு, இரு. இன்னாது அது, பூஜ்யம் புள்ளி ரெண்டு?"

"சதவீதம் சார்" என்றாள் தாட்சாயிணி.

பூபாலன் தட்சிணாமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தார்.

"டீனு, நம்ம பிளேஸ்மெண்ட்டு எவ்ளோ?"

"தொண்ணூற்றெட்டு சதவீதம் சார்."

"ஆத்தாண்ட கீற காலேஜிக்காரன் தொண்ணூத்தாறுன்னு திருநின்றவூர் வரைக்கும் பேனர் வச்சிகினு கீறான். இந்தப் பொண்ணு எனக்குப் பூஜ்யம் புள்ளி ரெண்டுன்னுது. அத்தோட வுட்டுதா? அதுக்கு மேல போனா கெட்டுப்பூடும்னு வேற எழுதிக்கீது. இத்த அச்சடிச்சா எந்த அப்பன் இங்க புள்ளைய சேப்பான்?"

பத்தாயிரம் மாணவர்களின் வேலைவாய்ப்பு விகிதத்தில் வாழ்கிற மனிதருக்குச் சதவீதம் என்றால் ஒரே அர்த்தம்தான். தாட்சாயிணி மெதுவாக விளக்க முயன்றாள். "சார், இது மார்க் இல்ல. எவ்வளவு கலந்தோம்ங்கிற அளவு. சாம்பார்ல உப்புப் போடுற மாதிரி."

"உப்பு பத்தலைன்னா போடு. யாரு வாணாம்னது? எவ்ளோ மூட்ட வேணும், சொல்லு."

அவள் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தாள். அவர் இயற்பியலில் முனைவர். சதவீதத்துக்கும் சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும். ஒரு வாக்கியம் போதும். அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, "வேந்தர் அவர்கள் கேட்ட கேள்வியில் உலக விஞ்ஞானிகள் இதுவரை தொடாத ஓர் ஆழம் இருக்கிறது. ஏன் அரை சதவீதத்தோடு நிற்கிறோம்? நம்மைத் தடுப்பது இயற்கையா, நம்முடைய தாழ்வு மனப்பான்மையா?" என்றார்.

குறிக்கோள் தொண்ணூற்றெட்டு என்று அன்றே முடிவானது.

மறுவாரம் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பொடி வந்து இறங்கியது. வழக்கமாகச் சிட்டிகை அளவு குப்பிகளில் வருவது, சிமெண்ட் மூட்டைகளைப்போல வந்தது. பெயிண்ட் கம்பெனிகள் வாங்குகிற வெள்ளைப் பொடி அது. திரவப் படிகம் வாங்குவதற்கான கோரிக்கையைக் கொள்முதல் பிரிவு நிராகரித்தது. கலவையில் இனி இரண்டே சதவீதம்தான் அது தேவைப்படும் என்பதால் கையிருப்பே நூற்றாண்டுக்குப் போதும் என்று அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள்.

தாட்சாயிணி சொன்னபடி கலந்தாள். அது திரவமாகவும் இல்லை, படிகமாகவும் இல்லை. கொழுக்கட்டைக்குத் தண்ணீர் பற்றாமல் போன மாவுபோல உதிர்ந்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவே, தலைமுடியைவிட ஒடுக்கமான இடைவெளியில், அதை ஊற்ற முடியாது. அப்பினாள். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரே இருட்டு. மின்சாரம் கொடுத்தாள், இருட்டு. கூட்டினாள், அதே இருட்டு. முதல்வரிடம் போய் அப்படியே சொன்னாள்.

தட்சிணாமூர்த்தியின் முகம் மலர்ந்தது. "முழு இருட்டா? கொஞ்சம்கூட வெளிச்சம் கசியவில்லையா? டிவி வாங்கப் போகிறவன் கடையில் என்ன கேட்கிறான்? கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கிறதா என்றுதானே கேட்கிறான்?"

"திரும்பவே இல்ல சார் அது."

"திரும்பாத உறுதி. அதையும் சேர்த்துக்கொள்."

அவள் சேர்க்கவில்லை. அவரே சேர்த்துக்கொண்டார். அவளுடைய வரைபடம் அரை சதவீதத்தோடு நின்றது. அதன் கீழே, இதே முன்னேற்றம் தொண்ணூற்றெட்டு வரை தொடர்வது தொலைநோக்குடன் உறுதிசெய்யப்பட்டுள்ளது என்று எழுதினார். திரட்சியைப் பற்றி அவள் எழுதியிருந்த பத்தியை முழுவதுமாக நீக்கினார். நுண்ணோக்கிப் படங்களை மட்டும் எடுக்கவில்லை. பக்கம் வெறுமையாகத் தெரிந்ததாம்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு டைல்ஸ் கடையின் மாடியிலிருந்து வெளிவரும் சர்வதேச இதழ் ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டது. காலையில் அனுப்பியதை உலக வல்லுநர்கள் படித்து, விவாதித்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் 'நன்று' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

கட்டுரை வெளியானதும் புகைப்படக்காரரை வரவழைத்தார்கள். ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வெள்ளை அங்கி மாட்டிக்கொண்டு, நுண்ணோக்கியில் கண் வைப்பதுபோல நிற்க வேண்டும். ஒரே அங்கிதான் இருந்ததால் கழற்றிக் கழற்றிப் போட்டார்கள். அன்றைக்குத் தாட்சாயிணிக்கு உள்ளூர ஒரு நப்பாசை. இத்தனை கண்கள் வருகின்றன, ஒன்றாவது கண்ணாடிக்குள் விழாதா? அரை சதவீதத் தகட்டை அடியில் வைத்து, குவியத்தைச் சரிசெய்து, விளக்கைப் போட்டுத் தயாராக இருந்தாள். புகைப்படக்காரர் வந்ததும் முதல் வேலையாக அந்த விளக்கை அணைத்தார். முகத்தில் அடிக்கிறதாம்.

"ஒரு நிமிஷம் போடுறேன், பாத்துட்டாவது போகட்டும்" என்றாள்.

"மேடம், இன்னும் இருவது பேர் கீறாங்க, மாப்பிள்ள ஊட்டு கல்யாண ஆல்பம் வேற பாக்கி கீது" என்றார் அவர்.

இருபத்திரண்டு பேரும் இருட்டுக்குள் கண்ணை வைத்து, வியந்து, எழுந்து போனார்கள். அவள் பெயர் கட்டுரையில் இருந்தும் அவளை யாரும் நிற்கச் சொல்லவில்லை. அங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றதில் அவளுக்கும் அது தோன்றவில்லை. எல்லோரும் போன பிறகு விளக்கைப் போட்டுப் பார்த்தாள். புள்ளிகள் அங்கேயே இருந்தன. அல்லது இருப்பதாக அவளுக்குப் பட்டது.

இப்படியே போயிருந்தால் சந்தேகத்தோடேயே ஒரு பட்டத்தையும் வாங்கியிருப்பாள். ஆனால் போலந்து நாட்டிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது.

கட்டுரையில் இருபத்துமூன்று பேருக்கும் ஒரே முகவரிதான், வேந்தர் அலுவலகம். அங்கே அதைத் திறந்து பார்த்தவர்கள் 'போலந்து' என்ற சொல்லைத் தாண்டிப் படிக்கவில்லை. பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டு, வரவேற்பறையில் மாட்டிவிட்டார்கள். வெளிநாட்டாருக்கு வேந்தர் அலுவலகத்தைத் தவிர யாரும் பதில் எழுதக் கூடாது, மீறினால் ஆய்வுப் பதிவு ரத்து என்று கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. தாட்சாயிணி அந்தக் கடிதத்தைச் சுவரில்தான் படித்தாள். பூமாலைக்கு நடுவே, பார்வையாளர்கள் காத்திருக்கும் சோபாவின் மேல் எக்கி நின்று.

யோவான்னா என்ற பெண் எழுதியிருந்தாள். 'உங்கள் மூன்றாவது படத்தில் இடது ஓரத்தில் துகள்கள் திரள்வதுபோலத் தெரிகிறது. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, நேர்மாறாகச் சொல்கிறீர்கள். எனக்கும் இங்கே அதே அளவில் அப்படித்தான் வருகிறது. உங்களில் யார் இதைப் பார்த்தது? அவரோடு பேச வேண்டும்.'

அவள் சோபாவிலிருந்து இறங்க மறந்து நின்றாள். வரவேற்பாளர் தீபிகா, ஏதாவது ஒட்டடையா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்ப் பதில் எழுதினாள். 'நான்தான் பார்த்தேன்' என்று தொடங்கி நான்கே வரி. அனுப்பவில்லை. சுற்றறிக்கையும், தட்சிணாமூர்த்தியின் பேனாவும், சாத்தூரில் 'டாக்டர் எப்பம்மா ஆவ' என்று வாராவாரம் போனில் கேட்கிற அப்பாவும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தார்கள். அந்த நான்கு வரியும் கைபேசியிலேயே கிடந்தன. தினமும் ரயிலில் எடுத்துப் படிப்பாள், ஒரு காற்புள்ளியை மாற்றுவாள், உள்ளே வைப்பாள்.

பல்கலைக்கழகம் அதற்குள் விழா எடுத்தது. 'போலந்து வியக்கும் வேப்பம்பட்டு' என்று ரயில் நிலையம் வரை பேனர். யோவான்னாவை இணையவழியில் அழைத்தார்கள். தன் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று நம்பி அவளும் ஒத்துக்கொண்டாள். மேடை நடுவில் தேக்கு நாற்காலி, அதன் மேல் மடிக்கணினி, கணினிக்கு மாலை. மேடையின் பிளக் லொடலொடவென்று ஆடியது. கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஆகவே விழா முடியும்வரை நாற்காலிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு, கட்டுரையின் இருபத்துமூன்றாவது ஆசிரியருக்குத் தரப்பட்டது.

முதலில் தட்சிணாமூர்த்தி பேசினார். "ஆராய்ச்சி என்றால் பார்ப்பது என்று சாதாரண மக்கள் நினைக்கிறார்கள். பார்ப்பதற்குக் கண் போதும். வெளியிடுவதற்குத்தான் நிர்வாகம் வேண்டும்" என்றார். கைதட்டல்.

பிறகு பூபாலன் மைக்கைப் பிடித்தார். "இதே எடத்துல எங்க நைனா கத்திரிக்கா போட்டாரு. எவ்ளோ தண்ணி வுட்டாலும் செடிக்கு இத்தினிதான் காய்க்கும். நான் காலேஜி போட்டேன். இப்ப வெளைச்சலு எப்டி கீதுன்னு நீங்களே பாக்கறீங்க. நானோன்னா ரொம்ப சின்னதுன்னாங்க. சின்னதா செய்றது நம்ம குடும்பத்துலயே கெடையாது. ஒலகத்துலயே பெரிய நானோ எங்கன்னு கேட்டா, இனிமே வேப்பம்பட்டுன்னுதான் சொல்லணும்." கைதட்டல் அடங்கியதும் யோவான்னாவைக் கௌரவிக்கப் பொன்னாடையை விரித்து மடிக்கணினிக்குப் போர்த்தினார். பொன்னாடை பெரிது. திரை, கேமரா எல்லாம் மூடிக்கொண்டது.

ஆடைக்கு உள்ளேயிருந்து யோவான்னாவின் குரல் ஆங்கிலத்தில் வந்தது. நன்றி, ஒன்றும் தெரியவில்லை, பரவாயில்லை, என் கேள்வி ஒன்றுதான் என்றாள். அந்தத் திரட்சியைக் கண்ணால் பார்த்தது யார்?

தட்சிணாமூர்த்தி சபைக்குத் தமிழாக்கினார். "இப்படிப்பட்ட சாதனையைக் காணும் பேறு யாருக்குக் கிடைத்தது என்று வியக்கிறார்."

"எல்லாரும்தான் பாத்தோம்" என்றார் பூபாலன். "கைய தூக்குங்கய்யா."

மேடையிலிருந்த கைகள் உயர்ந்தன. மோகனுடைய கை தோள்வரை போய் அங்கேயே தயங்கியது. பொன்னாடைக்குள் அந்தக் குரல், ஹலோ, யாராவது இருக்கிறீர்களா, என்று கேட்டது.

நாற்காலிக்குப் பின்னால் தரையில் இருந்த தாட்சாயிணிக்கு அது காதுக்குப் பக்கத்தில் கேட்டது. இத்தனை வருடத்தில் அவளைத் தேடி அந்த வளாகத்துக்குள் வந்த ஒரே குரல் அது. எழுந்தாள். பொன்னாடையின் முனையைத் தூக்கினாள். சுருட்டை முடியோடு, கழுத்தில் கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு, சின்ன அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நான் பார்த்தேன்" என்றாள் தாட்சாயிணி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "நான் மட்டும்தான். அரை சதவீதத்தில் திரள்கிறது. தொண்ணூற்றெட்டு என்று எழுதியிருப்பது உண்மையில்லை."

யோவான்னா திரைக்குப் பக்கத்தில் வந்தாள். "இங்கேயும் நான் மட்டும்தான்" என்றாள். "என் கண்ணில்தான் கோளாறோ என்று பயந்துகொண்டிருந்தேன்."

தாட்சாயிணி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அவள் எழுந்ததில் பிடி விட்டுப்போன பிளக் மெல்ல நழுவிக் கழன்றது. திரை அணைந்துபோயிற்று.

சபைக்கு ஆங்கிலம் சரியாகக் கேட்கவில்லை. முன்வரிசை கைதட்டியது, பின்வரிசையும் தட்டியது. கேட்டவர் தட்சிணாமூர்த்தி ஒருவர்தான். அவர் சிரித்த முகத்தை மாற்றாமல், "போலந்து நன்றி கூறி விடைபெறுகிறது" என்று அறிவித்து, தேசிய கீதத்துக்குக் கைகாட்டினார்.

விசாரணை மறுநாளே நடந்தது. அவள் சொன்னது பொய் என்று யாரும் குற்றம் சாட்டவில்லை. அந்தப் பேச்சே எழவில்லை. அனுமதியின்றி வெளிநாட்டாருடன் பேசியது ஒன்று. பொன்னாடையைக் கலைத்தது இன்னொன்று. எல்லாவற்றையும்விடக் கடுமையானது, 'நான் மட்டும்' என்று சொல்லி இருபத்திரண்டு பேரின் கூட்டு உழைப்பைப் புண்படுத்தியது. ஆய்வுப் பதிவு ரத்தானது. கட்டுரையிலிருந்து அவள் பெயர் நீக்கப்பட்டது. காலியான இடத்தை வீணாக்காமல் யோவான்னாவின் பெயரைச் சேர்த்தார்கள்.

"எனக்கு வருத்தம்தான்" என்றார் தட்சிணாமூர்த்தி, அடையாள அட்டையை வாங்கி மேஜை இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டே. இந்த முறை மேடைக்குரல் இல்லை. "பேசாம இருந்திருக்கலாமேம்மா. அடுத்த மாசம் கையெழுத்துப் போட்டிருப்பேனே. யார் பாக்கப்போறா?"

"அதான் சார்" என்றாள் அவள்.

கீழே வந்தபோது வாசல் காவலர் அவள் பையைச் சோதித்தார். பல்கலைக்கழகச் சொத்து எதையும் கொண்டுபோகவில்லையே என்று கேட்டார். மோகன் பேருந்துகளுக்கு நடுவிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "ஸ்டேசன் வரைக்கும் பஸ்ஸுல வுடச் சொல்றேன் மேடம்" என்றார். காவலர் அவரைப் பார்த்தார். அடையாள அட்டை இல்லாதவர்களைப் பேருந்தில் ஏற்றக் கூடாது என்ற உத்தரவில் கையெழுத்திட்டது தாமே என்பது மோகனுக்கு நினைவு வந்தது. "வெளிய ஷேர் ஆட்டோ வரும்" என்று சொல்லி, வெளிக்கதவுவரை கூட நடந்தார்.

வெளியே வெயில். ஆட்டோ நிற்கிற இடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. கைபேசியை எடுத்தாள். அந்த நான்கு வரியையும் இன்னொரு முறை படித்தாள். மாற்ற ஒன்றும் இல்லை. அனுப்பிவிட்டாள்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பதில் வந்தது. சில வரிகளும் ஒரு படமும். 'இது இன்று காலை எடுத்தது. பொடியைப் பாதியாகக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் ஓரத்தில் ஏதோ தெரிகிறது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இங்கே கேட்க எனக்கு யாரும் இல்லை, நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியுமா?'

வெயிலில் திரை வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. தாட்சாயிணி துப்பட்டாவைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டு, கைபேசியையும் முகத்தையும் சேர்த்து மூடிக்கொண்டாள். அந்தச் சின்ன இருட்டுக்குள் படம் மெல்லத் தெளிந்தது. விரலால் பெரிதாக்கி, இடது ஓரத்திலிருந்து ஆரம்பித்தாள்.

ஷேர் ஆட்டோ வந்து நின்றது. "ஏறிக்கிறியாம்மா, இன்னா?" என்று டிரைவர் கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று துப்பட்டாவுக்கு வெளியே ஒரு கை மட்டும் நீண்டது.